வில்லனுக்குக் கணக்குத் தீர்ப்பது: சிறுவருக்கான குரூர வேடிக்கைக் கதை எழுதும் முறை

முடிவை முதலில் எழுதுங்கள். கொடியவர் எப்படி மாட்டிக்கொள்கிறார் என்று தெரியாமல் இந்த வகைக் கதையில் இறங்கினால், கடைசியில் ஒரு போலீஸ்காரரையோ இடி மின்னலையோ வரவழைத்துத்தான் அவரை ஒழிக்க வேண்டியிருக்கும். 8 முதல் 11 வயது வரையிலான வாசகர்கள் அதை மன்னிக்கமாட்டார்கள். இத்தனை பக்கம் அநியாயத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தவர்களுக்குக் கணக்கு வட்டியோடு தீர வேண்டும். தீர்த்துவைக்க வெளியாள் வரக் கூடாது.

பஞ்சதந்திரக் கொக்கும் நண்டும் கதையிலேயே இதற்கான அளவுகோல் இருக்கிறது. குளம் வற்றப்போகிறது, வேறு குளத்தில் விடுகிறேன் என்று மீன்களைச் சுமந்துபோய்ப் பாறையில் வைத்துத் தின்ற கொக்கு, ஒருநாள் நண்டையும் கழுத்தில் ஏற்றிக்கொள்கிறது. முள் குவியலைப் பார்த்துவிட்ட நண்டு, உட்கார்ந்திருந்த அந்தக் கழுத்தையே இடுக்கியால் நறுக்கிவிடுகிறது. வேடனும் அம்பும் தேவைப்படவில்லை. எதைக் காட்டி ஏமாற்றியதோ அதிலேயே கொக்கு முடிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வகையின் பெரிய கைகாரர் பிரிட்டனின் ரோல்ட் டால் (1916–1990). அவர் 1980இல் வெளியிட்ட ‘தி ட்விட்ஸ்’ குட்டிப் புத்தகம்தான். ஆனால் தொழில் கற்க அதைவிட நல்ல புத்தகம் கிடைப்பது கஷ்டம். ஒருவரையொருவர் வதைப்பதில் சுகம் காணும் ஒரு கணவனும் மனைவியும். கணவன் இரவுதோறும் மனைவியின் கைத்தடியிலும் நாற்காலிக் கால்களிலும் மெல்லிய மரத்துண்டை ஒட்டிவைக்கிறான். தடி உயர உயர, “உனக்குச் சுருங்கும் வியாதி” என்று பயமுறுத்துகிறான். இருவரும் மரக்கிளையில் பசை தடவிப் பறவை பிடித்துத் தின்கிறார்கள். கூண்டுக் குரங்குகளை மணிக்கணக்கில் தலைகீழாக நிற்கவைக்கிறார்கள். முடிவில் குரங்குகளும் பறவைகளும் சேர்ந்து வீட்டுச் சாமான்களையெல்லாம் உட்கூரையில் ஒட்டிவிடுகின்றன. வீடு கவிழ்ந்துவிட்டது, நாம்தான் தலைகீழாக நிற்கிறோம் என்று நம்பிய இருவரும் தலையைத் தரையில் ஊன்றி நிற்கிறார்கள். அண்டங்காக்கைகள் ஏற்கெனவே தலையில் போட்டுவிட்ட பசை அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு நிஜமாகவே சுருங்கத் தொடங்குகிறார்கள். மிஞ்சுவது துணிமணியும் செருப்பும் ஒரு தடியும். பசை, தலைகீழ், சுருக்கம் மூன்றுமே முதலில் அவர்கள் கையில் இருந்தவை. முடிவுக்கென்று ஒரு புதுப் பொருள்கூட கதைக்குள் வரவில்லை.

வேலையைத் தொடங்க ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் வில்லனின் கருவி: எதை வைத்துக் கொடுமை செய்கிறார். இரண்டாவதில் அவருடைய விதி: எந்தச் சட்டத்தைச் சொல்லித் தன் கொடுமையை நியாயப்படுத்துகிறார். மூன்றாவதில் அவருடைய பெருமை: தன்னைப்பற்றி அடிக்கடி என்ன பீற்றிக்கொள்கிறார். தொடக்கநிலை எழுத்தாளர்கள் கருவியை மட்டும் யோசிக்கிறார்கள். சவுக்கு வைத்திருப்பவர் சவுக்கடி பட்டார் என்று கதை முடிந்துவிடுகிறது. அது பழிக்குப் பழி, அவ்வளவுதான். வேடிக்கை வருவது விதியிலிருந்தும் பெருமையிலிருந்தும்தான். தான் போட்ட சட்டத்தைத் தானே மறுக்க முடியாமல் திணறும் பெரியவரைப் பார்க்கும்போதுதான் குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

ஒரு கதையை இங்கேயே கட்டிப் பார்ப்போம். விளையாட்டுத் திடலை ஒட்டிய வீட்டில் துண்டப்பர் என்ற பெரியவர் இருக்கிறார். மதில் தாண்டி விழும் பந்தைச் சரிபாதியாக அறுத்து, ஒரு பாதியைத் திருப்பி எறிவார், மறுபாதியை வைத்துக்கொள்வார். கருவி: கத்தியும் அரைப்பந்துகளும். விதி: “என் மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்தது எனக்குச் சொந்தம்.” பெருமை: “நான் எதையும் வீணாக்க மாட்டேன்.” அரைப்பந்தில் காப்பி குடிக்கிறார், உப்பு வைக்கிறார், கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார். செருப்பு தேயாமலிருக்க அடியில் இரண்டு அரைப்பந்துகளை மாட்டிக்கொண்டு நடக்கிறார்.

முடிவு இங்கேதான் ஒளிந்திருக்கிறது. கெட்டி ரப்பரில் செய்த அரைப்பந்தின் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தரையில் வைத்தால், அது பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது படாரென்று எம்பிக் குதிக்கும். எத்தனையோ குழந்தைகள் விளையாடிப் பார்த்த விஷயம். துண்டப்பரின் செருப்படியில் வெளிப்பக்கம் தேய்ந்துவிட்டது. உள்பக்கம் புதுசு. அதைத் திருப்பி மாட்டினால் இன்னும் ஆறு மாதம் உழைக்கும். எதையும் வீணாக்காதவர் திருப்பி மாட்டாமல் இருப்பாரா? மாட்டி, ஓரடி வைத்ததும் மதிலுக்கு மேல் பறந்து திடலில் விழுகிறார். அதாவது, மதிலுக்கு அந்தப் பக்கம். இப்போது அவர் யாருக்குச் சொந்தம்?

மூன்று கட்டமும் ஒரே இடத்தில் வந்து முட்டுகிற வரை தாளைக் கீழே வைக்காதீர்கள். இரண்டுதான் முட்டுகிறது என்றால் கதை சுமாராக வரும். ஒன்றுதான் என்றால் வில்லனை மாற்றிவிடுவது மேல்.

எந்தக் கொடுமையைத் தேர்ந்தெடுப்பது?

சின்னதாக, துல்லியமாக, பெரியவர்கள் “இதெல்லாம் சகஜம்” என்று கடந்துபோகிற வகையில் இருக்க வேண்டும். உலகத்தை அழிக்க நினைக்கும் அரக்கன்மேல் எந்தக் குழந்தைக்கும் சொந்தக் கோபம் கிடையாது. பந்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரர், வகுப்பில் எல்லார் முன்பும் மதிப்பெண்ணைச் சத்தமாகப் படிக்கிற ஆசிரியர், கன்னத்தைக் கிள்ளிவிட்டு “வலிக்குதா?” என்று கேட்கிற உறவுக்காரர் ஆகியோர்மேல் உண்டு. டால் தன் பள்ளி நாள்களைச் சொல்லும் ‘பாய்’ (1984) நூலில், மிட்டாய்க் கடைக்காரியின் ஜாடிக்குள் செத்த எலியைப் போட்ட பையன்களைத் தலைமையாசிரியர் பிரம்பால் அடிக்கும் இடம் வருகிறது. அடியைவிட நெஞ்சில் நிற்பது, அதே அறையில் உட்கார்ந்து இன்னும் பலமாக அடிக்கச் சொல்லித் தூண்டும் அந்தக் கடைக்காரி. இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்: கொடுமைக் காட்சியில் வேடிக்கை பார்ப்பவர் ஒருவரை நிறுத்துங்கள். துண்டப்பர் பந்தை அறுக்கும்போது திண்ணையில் ஒரு மாமா உட்கார்ந்து, “பெரியவர் செஞ்சா சரியாத்தான் இருக்கும்” என்று தலையாட்டட்டும். வாசகரின் கோபம் இரட்டிப்பாகும். அதற்குச் செலவு ஒரே ஒரு வரி.

தொடக்கூடாத கொடுமைகளும் உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, பட்டினி, தவறான தொடுதல் ஆகியவற்றைக் கதையாக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அது வேறு வகைக் கதை. இங்கே கொண்டுவந்தால் அந்த நிலையிலேயே இருக்கும் குழந்தைக்கு, தன் துயரத்தைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பறக்கும் செருப்பு அந்தக் குழந்தையைக் காப்பாற்றப் போவதில்லை.

அளவு

2,000 சொல் போதும். நிதானமாக உரக்கப் படித்தால் ஏறக்குறைய இருபது நிமிடத்தில் முடியும். அந்த வயதுக் குழந்தை ஒரே மூச்சில் கேட்கக்கூடிய நீளம் அது. வில்லனை அறிமுகப்படுத்த 250 சொல், மூன்று கொடுமைகளுக்கு 700, குழந்தையின் யோசனைக்கு 350, வீழ்ச்சிக்கு 550, அதற்குப் பின் 150 என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்வெட்டு இல்லை, ஐம்பது நூறு இப்படி அப்படிப் போகலாம். ஆனால் வீழ்ச்சி 550க்குக் கீழே போனால் வாசகர் ஏமாந்துபோவார். பெரும்பாலான கைப்பிரதிகளில் இந்த இடம் இரண்டு பத்தியில் முடிந்துவிடுகிறது, யோசனைப் பகுதி மூன்று பக்கம் ஓடுகிறது. எழுதுபவருக்குத் திட்டம் தீட்டுவது சுகம். படிப்பவருக்கு விழுவதைப் பார்ப்பதுதான் சுகம்.

மூன்று கொடுமைகளும் ஒரே எடையில் இருந்தால் கதை நகராது. முதலாவது சிரிக்க வைக்கலாம்: ரப்பர் பந்து, கத்தி, அளவுகோல். இரண்டாவது எரிச்சலூட்ட வேண்டும்: காற்றாடியை இரண்டாகக் கிழித்து, சிக்கனத்தைப்பற்றி ஒரு சொற்பொழிவோடு பாதியை நீட்டுகிறார். மூன்றாவதில் சிரிப்பே கூடாது. நம் கதையின் சிறுமி மீனு. அவள் தம்பி, துணி யானையைக் கட்டிக்கொள்ளாமல் தூங்கமாட்டான். அது மதிலைத் தாண்டி விழுகிறது. காலையில் தும்பிக்கைப் பாதி மட்டும் திரும்பி வருகிறது. இந்த இடத்தில் நகைச்சுவை எழுதக் கை அரிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். நான்கைந்து வாக்கியத்துக்கு நிஜமாகவே வலிக்கவிடாமல் போனால், பின்னால் வரும் தண்டனை வெறும் சேட்டையாகிவிடும். வில்லன்மீது பரிதாபம்கூட வந்துவிடும். இந்த வகைக் கதைகள் தோற்பதற்கு முதல் காரணம் இதுதான் என்பது எங்கள் கணிப்பு.

கதை சொல்பவரின் முகம்

கதை சொல்பவர் பதறக்கூடாது, சபிக்கக்கூடாது. கோபத்தை வாசகருக்கு விட்டுவிட்டு, நடந்ததைச் சரக்குப் பட்டியல் படிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். இப்படி எழுதினால் செத்துவிடும்:

“துண்டப்பர் ஈவிரக்கமற்ற கொடூரன். பந்தைக் கொஞ்சமும் இரக்கமின்றி வெட்டி வீசினார். பிஞ்சு உள்ளங்கள் கதறித் துடித்தன.”

இப்படி எழுதிப் பாருங்கள்:

“துண்டப்பர் பந்தைக் கழுவினார். துடைத்தார். அளவுகோல் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டார். அறுத்தார். ஒரு பாதியை மதிலுக்கு மேலே எறிந்துவிட்டு, மறுபாதியை அலமாரியில் அடுக்கினார். அதோடு நாற்பத்தொன்று ஆயிற்று. காலை மணி ஒன்பதுகூட ஆகவில்லை.”

இரண்டாவதில் ‘கொடூரம்’ என்ற சொல்லே இல்லை. வேலையைச் செய்வது மூன்று விஷயங்கள்: கழுவித் துடைக்கும் நிதானம், எண்ணிக்கை, சம்பந்தமில்லாத கடைசி வாக்கியம். வரைவு முடிந்ததும் பெயரடைகளையெல்லாம் வட்டம் போட்டுப் பாருங்கள். ‘கொடிய’, ‘பயங்கரமான’, ‘பாவப்பட்ட’ ஆகியவற்றில் பத்துக்கு ஒன்பதை அடித்துவிடலாம்.

உரையாடலுக்குப் பேச்சுத் தமிழ், விவரிப்புக்குச் சுருக்கமான எழுத்துத் தமிழ் என்று பிரித்துக்கொண்டால் இந்த நிதானம் தானாக வரும். “நாற்பது பந்துல வராத புத்தி நாற்பத்தோராவதுல வந்துடுமாக்கும்?” என்று துண்டப்பர் வழக்கமான குரலில் பேச, பக்கத்தில் விவரிப்பு அரசு அறிக்கை மாதிரி விறைப்பாக நிற்கட்டும். ஒலிக்குறிப்புச் சொற்களைக் கொடுமைக் காட்சியில் செலவழித்துவிடாதீர்கள். ‘சதக்’, ‘கரகர’ எல்லாம் அங்கே வந்தால் வன்முறையை ருசித்துச் சொல்வதுபோல ஆகிவிடும். வீழ்ச்சிக்குச் சேர்த்துவையுங்கள்: ‘தொபுக்’, ‘டொய்ங்’, ‘திங்குதிங்கு’ எல்லாம் அங்கே கொட்டட்டும். உரக்கப் படிப்பவருக்கும் அந்த இடத்தில்தான் கை கால் ஆட்ட ஆசை வரும்.

வசவுகளில் கவனம் தேவை. தமிழில் சட்டென்று வாயில் வரும் திட்டுச் சொற்களில் பல சாதியைத் தொடுகின்றன, அல்லது உடற்குறையைத் தொடுகின்றன. வில்லன் வாயில்கூட அவை வேண்டாம். குழந்தைகள் மறுநாளே பள்ளிக்குக் கொண்டுபோவார்கள். புதிதாக உருவாக்குங்கள்: “ஊறப்போட்ட உளுந்தே!”, “மூடியில்லாத பேனாவே!” அர்த்தம் குறையக் குறையச் சிரிப்பு கூடும்.

தண்டனையின் உடல் விதிகள்

உடம்புக்கு என்ன நேர்ந்தாலும் அது நடக்கவே முடியாத ஒன்றாக இருக்கட்டும். ஊதிப் பெருக்கலாம், சுருங்கலாம், ஒட்டிக்கொள்ளலாம், துள்ளலாம், நிறம் மாறலாம். ரத்தம், எலும்பு முறிவு, ஆஸ்பத்திரி வேண்டாம். ஆஸ்பத்திரி என்று எழுதிய உடனே குழந்தை தன் பாட்டியை நினைத்துக்கொள்ளும். சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். வில்லனுக்கு அழுவதற்கு ஆள் இருக்கக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். துண்டப்பருக்குப் பேத்தி ஒருத்தி இருந்தால் அவர் பறப்பதை யாரும் நிம்மதியாக ரசிக்க முடியாது.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கக்கூடிய ஆபத்து எதையும் செய்முறையோடு கொடுக்காதீர்கள். மருந்துக் கலவை, தீ, தூக்குக் கயிறு, தலையில் மாட்டும் பிளாஸ்டிக் பை எல்லாம் தள்ளுபடி. டாலின் ‘ஜார்ஜஸ் மார்வலஸ் மெடிசின்’ (1981) கதையில் பையன் வீட்டிலிருக்கும் எதையெல்லாமோ கலந்து பாட்டிக்கு மருந்து காய்ச்சுகிறான். வீட்டில் செய்து பார்க்காதீர்கள் என்ற எச்சரிக்கையோடுதான் அந்தப் புத்தகத்தை அச்சிட வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை போடவேண்டிய நிலை வந்தால் கருவியையே மாற்றிவிடுவது சுலபம்.

தண்டனை யாருக்கு என்பதில்தான் இந்த வகையின் வரலாறே திரும்பியது. பிராங்க்ஃபர்ட் டாக்டர் ஹைன்ரிக் ஹொஃப்மன் 1844 கிறிஸ்துமஸுக்குத் தன் மூன்று வயது மகனுக்காக எழுதி, 1845இல் அச்சான கதைப்பாட்டுப் புத்தகத்தில், விரல் சூப்பும் பையனின் கட்டைவிரல்களைத் தையல்காரர் பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். வில்ஹெல்ம் புஷ் 1865இல் எழுதிய படக்கதையில் குறும்புக்காரப் பையன்கள் இருவர் மாவு மில்லில் அரைபட்டு வாத்துகளுக்குத் தீனியாகிறார்கள். பெரியவர் குழந்தையைத் தண்டிக்கும் கதைகள் இவை. டால் ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபாக்டரி’யில் (1964) இந்தப் பழைய வழியிலேயே பேராசைக்காரக் குழந்தைகளை அவரவர் ஆசையாலேயே மாட்டவைத்தாலும், கெடுத்த பெற்றோரையும் சேர்த்துக் குற்றம்சாட்டினார்; பிந்தைய புத்தகங்களில் தண்டனையைப் பெரும்பாலும் பெரியவர்கள் பக்கமே திருப்பிவிட்டார். புதிதாக எழுத வருபவர்கள் இந்த இரண்டாம் வழியில் போவது நல்லது. தவறு செய்த குழந்தையைத் தண்டித்துச் சிரிக்கவைப்பது மிகவும் கஷ்டமான வித்தை. கொஞ்சம் சறுக்கினாலும் அறிவுரைப் பாடமாகிவிடும்.

குழந்தையின் கை எவ்வளவு தூரம் நீளலாம்?

மீனு இரவில் சுவரேறிக் குதித்துத் துண்டப்பரின் செருப்பில் எதையோ செய்து வைத்தால் கதை நடக்கும். ஆனால் அப்போது துண்டப்பரும் மீனுவும் ஒரே ஜாதிச் சூழ்ச்சிக்காரர்கள் ஆகிவிடுவார்கள். குழந்தை ஒரு கதவைத் திறந்துவைக்கலாம். உள்ளே நுழைவது வில்லனாகவே இருக்கட்டும். இங்கே மீனு செய்வது ஒன்றே ஒன்று. மதிலோரம் நின்று, உண்மையான ஒரு வாக்கியம் சொல்கிறாள்: “தாத்தா, உள்பக்கம் தேயவே இல்லையே?” பொய் இல்லை, வலை இல்லை. மிச்சத்தைத் துண்டப்பரின் கஞ்சத்தனம் பார்த்துக்கொள்கிறது. சொல்வதற்கு முன் அவள் கொஞ்சம் யோசிக்கட்டும், அரைப்பந்து ஒன்றைத் திருப்பி வைத்து அது கூரை வரை எம்புவதைப் பார்த்திருக்கட்டும். அந்தச் சோதனைக் காட்சி கட்டாயம் வேண்டும். ரப்பர் எம்பும் என்பதை வாசகர் முன்கூட்டிப் பார்க்காவிட்டால், வில்லன் பறப்பது எழுத்தாளரின் கைவேலையாகத் தெரிந்துவிடும். ஆனால் சோதனையை வீழ்ச்சிக்குத் தொட்டடுத்து வைக்காதீர்கள். இரண்டாம் கொடுமைக்கும் மூன்றாவதற்கும் நடுவில், வெறும் விளையாட்டாக வந்து போகட்டும்.

குழந்தையின் குணம் எங்கே நிற்க வேண்டும் என்பது அனுபவசாலிகளையும் தடுக்கிவிழ வைக்கும் கேள்வி. ‘மட்டில்டா’வின் (1988) முதல் வரைவில் கதாநாயகியே துஷ்டப் பெண்ணாக இருந்தாள், முடிவில் இறந்தும்போனாள். டால் அதை ஏறக்குறைய முழுக்க மாற்றி எழுதினார். துஷ்டத்தனமெல்லாம் பெற்றோருக்கும் தலைமையாசிரியைக்கும் போனது, பெண் புத்திசாலியாக மிஞ்சினாள். உங்கள் வரைவில் கதை ஏனோ பிடிபடவில்லை என்றால் முதலில் இதைச் சோதியுங்கள்: கொடுமையின் எடை தவறான ஆளிடம் உட்கார்ந்திருக்கிறதா?

வில்லனின் தோற்றம்

அசிங்கமாக இருப்பவர் கெட்டவர் என்ற குறுக்குவழி வேண்டாம். டால் அந்த வழியில் நிறையவே நடந்தவர். அவர் கதைகளில் ‘குண்டு’, ‘அவலட்சணம்’ போன்ற சொற்களைப் பதிப்பகம் 2023இல் மாற்றப்போய்ப் பெரிய சண்டை வெடித்தது. கடைசியில் பழைய வடிவத்தையும் தொடர்ந்து விற்பதாக அறிவித்தார்கள். சாக்லேட் ஆலையின் குள்ள வேலைக்காரர்கள் 1964 பதிப்பில் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களாக இருந்தார்கள்; எதிர்ப்புக்குப் பின் 1973இல் அவரே அதை மாற்றினார். செத்துப்போன எழுத்தாளரின் புத்தகத்தைத் திருத்தலாமா என்பது தனி வழக்கு. புதிதாக எழுதும் உங்களுக்கு அந்தத் தலைவலியே தேவையில்லை. வில்லனுக்குப் பருத்த உடம்பும் மாறுகண்ணும் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு பழக்கத்தைக் கொடுங்கள். எதைத் தொட்டாலும் நடுவைக் கண்டுபிடிக்கக் கட்டைவிரலால் அளக்கிறார் துண்டப்பர். பிஸ்கட்டை, தினசரியை, ஒருமுறை மீனுவின் தலையை. மூக்கு எவ்வளவு கோணலாக இருந்தாலும் இந்தப் பயத்தை அது தராது.

பெயர் கொஞ்சம் நிஜமாகவும் ஒலிக்க வேண்டும். ‘கொடூரராஜன்’ என்று வைத்தால் முதல் வரியிலேயே எல்லாம் முடிந்தது. எந்த ஊரிலாவது உண்மையில் இருக்கக்கூடும் என்று தோன்றும் பெயரே போதும். தெரிந்தவர் யாருக்காவது அதே பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் போடுபவருக்குச் சொல்லவேண்டியது கொஞ்சமே. டாலின் கதைகளுக்கு 1978 முதல் படம் வரைந்த குவென்டின் பிளேக்கின் கோடு கிறுக்கலாக, அவசரமாக ஓடும். எத்தனை கடுமையான காட்சியும் அந்தக் கோட்டில் எடை குறைந்துவிடும். நுணுக்கமாக நிழல் தீட்டிய படம் இதற்கு நேர் எதிர் வேலை செய்யும். மூன்றாம் கொடுமைக்குப் படமே வேண்டாம். வீழ்ச்சிக்கு, கால் தரையைவிட்டுக் கிளம்பி ஒரு சாண் உயரத்தில், முகத்தில் இன்னும் பெருமை மாறாமல் இருக்கும் கணத்தைக் கேளுங்கள்.

படித்துச் சோதிப்பது

ஆறேழு குழந்தைகளைக் கூட்டி உரக்கப் படியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். சிரிப்பு வரும் இடத்தில் ஒரு கோடு, நெளியும் இடத்தில் ஒரு புள்ளி. சிரிக்காத இடங்களை உடனே வெட்டிவிடாதீர்கள். மௌனத்தில் இரண்டு வகை உண்டு. மூன்றாம் கொடுமையில் வரும் மௌனம் உங்களுக்கு வேண்டியது. யோசனைப் பகுதியில் வரும் மௌனத்தோடு கால் ஆட்டுதலும் சேர்ந்து வந்தால் அது அலுப்பு. அங்கே நூறு சொல்லைக் குறையுங்கள். “அவருக்கு வலிச்சிருக்குமா?” என்று யாராவது கவலையோடு கேட்டால் தண்டனை அளவு மீறிவிட்டது, அல்லது மூன்றாம் கொடுமை போதவில்லை. அனேகமாக இரண்டாவதுதான், ஆகவே தண்டனையைக் குறைப்பதற்கு முன் அந்தக் காட்சியைத் திரும்ப எழுதிப் பாருங்கள். “இன்னொரு தடவை பறக்கட்டும்” என்று கேட்டால், வீழ்ச்சியை நீட்ட இடம் இருக்கிறது.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளத் தேவையில்லை, அவர்கள் எந்த வரியில் தன்னையறியாமல் சிரித்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி 150 சொல்

எல்லாரும் கெடுத்துக்கொள்ளும் இடம் இது. வில்லன் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்கிறார், குழந்தைகள் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், ஊருக்கே பந்து வாங்கித் தருகிறார். அடித்துவிடுங்கள். திருந்திய துண்டப்பரை யாரும் கேட்கவில்லை. வில்லனைத் திருத்தும் கதை எழுத ஆசையிருந்தால் அதற்கு முதல் பக்கத்திலிருந்தே வேறு விதை போட வேண்டும். கடைசிப் பத்தியில் ஒட்டவைக்க முடியாது.

வெற்றிக்கு ஒரு விலை இருந்தால் முடிவு கெட்டியாகும். ‘தி விட்ச்சஸ்’ (1983) கதையில் சூனியக்காரிகள் எலியாக்கிய பையன் கடைசிவரை எலியாகவே இருக்கிறான். அவர்களை ஒழித்தபிறகும் மனிதனாகவில்லை. 1990இல் வந்த படத்தில் அவனை மறுபடி பையனாக்கியது டாலுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நம் கதையில் யானை ஒட்டித் தைக்கப்படலாம், ஆனால் தையல் தெரியட்டும். தும்பிக்கை கொஞ்சம் கோணலாகவே நிற்கட்டும். தம்பி அதைப்பற்றி ஒன்றும் சொல்லாமல் தூங்கிப்போகலாம். இதற்கு ஒரு வாக்கியம் போதும். அதைக் கடைசி வாக்கியமாக வைக்காதீர்கள், கதை திடீரென்று உருக்கமாகிவிடும்.

கடைசிக்கு விதியையே திருப்பிக் கொடுங்கள். துண்டப்பர் திடலில் விழுந்து கிடக்கிறார். மதிலுக்கு இந்தப் பக்கம் விழுந்ததால் பிள்ளைகளுக்குச் சொந்தம். பாதியைத்தான் திருப்பித் தர வேண்டும். எந்தப் பாதி என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். மேல்பாதி ஓயாமல் திட்டும், கீழ்ப்பாதி உதைக்கும், இரண்டையுமே வைத்துக்கொள்ள யாருக்கும் விருப்பமில்லை. ஆகவே முழுசாகத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் போடுகிறார்கள். செருப்பு இன்னும் காலில்தான் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று வாசகருக்குத் தெரியும். ‘டொய்ங்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடலாம். அதற்குக் கீழே நீதி ஒன்று சேர்க்கச் சொல்லிப் பதிப்பாசிரியர் கேட்பார். முடியாது என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால், ‘செருப்பு தேய்ந்தால் புதுசு வாங்கவும்’ என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.